அரவைக்காரன் கேட்ட ஒரு வரி

வாங்க, உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, தரையெல்லாம் கெழங்குப் பால், வழுக்கும். இங்க ஆபீசுன்னு தனியா ஒண்ணும் கெடையாதுங்க. இந்த அரவைக் கொட்டாயிதான் ஆபீசு. அந்த நாற்காலியில உக்காருங்க. வேண்டாம் வேண்டாம், நகத்தாதீங்க. அதுக்கு ஒரு காலு ஆடும். சுவத்தோட சாஞ்சிருந்தாத்தான் ஆளத் தாங்கும். அப்புடியே உக்காருங்க.

ஏழுமலையா பேரு? சின்னசேலத்துக்கு அக்கட்டாலயா? நல்லது. தூரத்து ஆளுதான் எனக்கு வேணும். இந்தச் சுத்துப்பட்டுல இருக்கறவங்க யாரும் இப்ப மில்லு வேலைக்கு வர்றதில்லீங்க. ஒடம்பு வளையறதில்ல. கூப்புட்டுக் கூப்புட்டு எனக்கு வாயி நொந்துபோச்சு. சேகோ மில்லுல என்ன மலையையா பொரட்டப் போறோம்? குச்சிக்கெழங்கு வருது, தோலுரிச்சு அரைக்கறோம், பாலு தொட்டியில படியுது, மாவ உருட்டி, வறுத்து, களத்துல காயவெச்சா ஜவ்வரிசி. உங்க ஊரு பாயாசத்துல கெடக்கறதெல்லாம் எங்க ஊரு சரக்குதான்.

என்ன கேட்டீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.

என்ன வேலைன்னு எழுதிக் குடுப்பனான்னா?

இல்ல, கோவமில்லீங்க. வந்ததும் வராததுமா இதையே கேட்டீங்களேன்னுதான். டீ சொல்லியிருக்கேன், வரட்டும். இதுக்கு ஆமான்னோ இல்லன்னோ ஒரு வார்த்தையில சொல்லிட முடியாது. இதே கேள்விய இதே கொட்டாயில வெச்சு என்னை ஒருத்தன் கேட்டான். அவன் கதையக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எம்மேல என்ன தப்புன்னு.

எங்கய்யன் இந்த மில்லக் கட்டி நாப்பத்திமூணு வருசமாச்சு. அத்தனை வருசத்துல வேலைக்குன்னு ஒருத்தனுக்கும் கடுதாசி குடுத்ததில்ல. எங்க வழக்கம் வேற. பின்னால வேப்பமரத்தடியில முனியப்பன் இருக்காரு, வேலு நட்டிருக்கும், வரும்போதே பாத்திருப்பீங்க. புதுசா ஆளு வந்தா எங்கய்யன் அவனக் கூட்டிட்டுப் போயி அங்க நிறுத்துவாரு. வெத்தலை மேல சூடம் ஏத்துவாரு. இன்ன வேலை, இன்ன நேரம், இதுக்கு மேல உன்னைக் கேக்க மாட்டேன்னு வாயால சொல்லி, உள்ளங்கையால சூடத்த அடிச்சு அணைப்பாரு. பொறவு மறுபடி ஏத்துவாரு. வந்தவன் ஒழுங்காச் செய்யறேன்னு சொல்லி அவனும் அணைப்பான். அம்புட்டுத்தான். அதுக்கு மேல மை எதுக்கு, ரப்பர் ஸ்டாம்பு எதுக்கு? காகிதத்துல எவன் வேணாலும் என்ன வேணாலும் எழுதலாமுங்க. சூடத்துல பொய் சொன்னவன் குடும்பம் வெளங்குமா?

எங்கய்யன் கண்ண மூடுன பொறவு நானும் அதையேதான் செஞ்சேன். ஒரு பிராது வந்ததில்ல. வையாபுரி வர்ற வரைக்கும்.

வையாபுரி நூல் மில்லுல பதினோரு வருசம் இருந்தவன். அந்த மில்லு மூடுன பொறவு இங்க வந்தான். முப்பத்தெட்டு, நாப்பது வயசு. கட்டுனவ பேரு வளர்மதி, ரெண்டு பொட்டப்புள்ளைங்க. நல்ல வேலைக்காரன், அத நான் மறைக்க மாட்டேன். மெஷினு சத்தத்தக் கேட்டே எந்த பேரிங்கு போகப் போவுதுன்னு சொல்லுவான். குடி கெடையாது, பீடி கெடையாது. ஒரே ஒரு கெட்ட கொணம், காகிதம்.

வந்த அன்னைக்கே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்த எடுத்து நீட்டுனான். பழைய மில்லுக்காரங்க வேலையில சேத்தப்பக் குடுத்த கடுதாசி. அத பிளாஸ்டிக்குல மூடி, மடங்காம வெச்சிருக்கான். செத்த மில்லோட கடுதாசிய யாராச்சும் சாமி படமாட்டம் வெச்சிருப்பாங்களா? நானும் படிச்சுப் பாத்தேன். பேரு, அப்பன் பேரு, நூலு நூக்கற மெஷினு ஓட்டற வேலை, வேலை நேரம், வாரத்துல ஒரு நாள் லீவு. பஞ்சுத் தூசிக்கு மூக்குத்துணி குடுக்கோணும், கரண்டு வேலைய இவரு தொட வேண்டியதில்லன்னு அதையும் எழுதியிருந்துது.

"மொதலாளி, சம்பளத்தக்கூட எழுத வேண்டாம். நான் என்ன வேலைக்கு வந்தவன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்"னான்.

நீ என்ன கலெக்டர் ஆபீசுக்கா வந்திருக்கன்னு கேட்டேன். மத்தவங்கெல்லாம் சிரிச்சாங்க. அவன் சிரிக்கல.

முனியப்பன்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். சூடம் ஏத்துனேன். அரவை மெஷினு உன் பொறுப்பு, காலையில ஆறிலிருந்து ரெண்டு, வேற சோலிக்கு உன்னைக் கூப்புட மாட்டேன்னு சொல்லி அணைச்சேன். சொன்னேன், சொல்லலைன்னு சொல்ல மாட்டேன். அவனும் அணைச்சான். திரும்பி வரும்போது கேக்கறான், இது நமக்கும் முனியப்பனுக்கும் தெரியும் மொதலாளி, வேற யாருக்காச்சும் தெரியோணும்னா என்ன பண்றதுன்னு. யாருக்குடா தெரியோணும்னேன். தெரிய வேண்டிய நாளு ஒண்ணு வந்தா வேணுமேன்னு சொல்லிட்டு மெஷினுக்கு கிரீசு வெக்கப் போயிட்டான். அப்ப அது எனக்குப் பெருசாத் தோணல.

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. சக்கரை பத்தலன்னாச் சொல்லுங்க.

அவன் விடலீங்க. மாசம் பொறந்தா ஒருக்கா கேப்பான். சண்டை போட மாட்டான், கோவிக்க மாட்டான், நின்னு கேட்டுட்டுப் போயிருவான். நடுவுல பஞ்சாயத்து ஆபீசுல இலவச சட்ட முகாம்னு ஒண்ணு நடத்துனாங்க. வக்கீலம்மா ஒருத்தங்க வந்து பேசிட்டு, ஒரு சின்னப் பொஸ்தகம் குடுத்திருக்காங்க. அத எடுத்துட்டு வந்து எனக்குப் படிச்சுக் காட்டறான். உசுரு வாழற உரிமை அரசியல் சட்டத்துலயே இருக்குதாம். என்ன வேலை, அதுல என்ன ஆபத்துன்னு எழுத்துல தெரிஞ்சுக்கறது அதுக்குள்ளதான் வரும்னு அந்தம்மா சொன்னாங்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏனுங்க, எங்க ஆடிட்டரு அடிச்சுச் சொல்லியிருக்காரு, பத்துப் பேருக்குக் கீழ வெச்சுக்கங்க, ஒரு ஆபீசரும் உங்க வாசப்படிய மிதிக்க மாட்டான்னு. நான் எப்பவும் ஒம்பது பேருதான். பத்தாவது ஆளு வந்தா ஒருத்தன ஊருக்கு அனுப்பிச்சிருவேன். ஒம்பது பேருக்கு அரசியல் சட்டமா? அம்மாம்பெரிய நாடு உக்காந்து எழுதுனது என் ஒம்பது பேருக்கா? இதத்தான் அவன்கிட்டக் கேட்டேன். அவன் பொஸ்தகத்த மூடிட்டு, ஒம்பது பேருன்னாலும் உசுரு இருக்குதுங்களே மொதலாளின்னான். எதுத்துப் பேசறதுல ஆளு கெட்டி.

பொறவு ஒரு நாளு காலையில வர்றேன், சுவத்துல எழுதி வெச்சிருக்கான். எந்தச் சுவரா? ஏதோ ஒரு சுவருங்க, அது எதுக்கு இப்ப. மெஷினுல வடியற கருப்பு எண்ணெயத் தொட்டு, விரல் கனத்துக்கு எழுத்து. வையாபுரி. அரவை மெஷின். காலை ஆறு முதல் ரெண்டு. தொட்டி வேலை இல்லை. நீங்க எழுதித் தர்ற வரைக்கும் இது இருக்கட்டும் மொதலாளி, எனக்கு மறக்காம இருக்கும்னான்.

தொட்டி வேலை இல்லைன்னு ஏன் எழுதுனான்னு கேளுங்க. மில்லுக்குப் பின்னால ஒரு மூடுதொட்டி இருக்குது. அரைச்ச கழிவுத் தண்ணியெல்லாம் அதுக்குள்ளதான் போவும். அடியில ஒரு மோட்டாரு கெடக்கும், தண்ணிய இறைச்சு வெளிய தள்றதுக்கு. அதுக்கு முந்துன வாரம் தொட்டி மூடியத் தொறந்துட்டு ஓரமா நின்ன ஒருத்தன் மயக்கம் போட்டு விழுந்துட்டான். மோரு குடுத்து எழுப்பி உக்கார வெச்சோம். வெய்யிலு, வெறும் வயிறுன்னு நான் நெனச்சேன். வையாபுரி மட்டும் அது வெய்யிலு இல்லன்னு சொல்லிட்டே இருந்தான். அழிடான்னு நான் சொல்லல பாருங்க. வேற மொதலாளியா இருந்தா அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பான். நான் சிரிச்சுட்டு வுட்டுட்டேன். அதுல என்ன தப்பு?

மார்கழி மாசம் பதினாறாந் தேதி. காலையில பத்து மணி இருக்கும். வாசல்ல நாலு லாரி கெழங்கு நிக்குது. பறிச்ச கெழங்கு மறுநாளே கறுத்துப் போவும், உங்களுக்குத் தெரியாதது இல்ல. அந்த நேரம் பாத்துத் தொட்டி அடைச்சுக்கிச்சு. அரைச்ச சக்கை, திப்பிம்போம், அது போயி மோட்டாரு வாயில மாட்டிக்கிச்சு. தண்ணி மேல ஏறி அரவைக் கொட்டாயிக்கே வருது. மெஷின நிறுத்திட்டோம். கழிவு உறிஞ்சற லாரிக்காரன் ரெண்டு நாளு கழிச்சுத்தான் வருவேங்கறான். நான் என்ன பண்ணட்டும்? தொட்டி அடைச்சா அரவை நிக்குது. அரவை நின்னா அரவைக்காரன் சும்மா நிக்கறான். சும்மா நிக்கற ஆளத்தான கூப்புடோணும்?

கூப்புட்டேன். எட்டுப் பேரு சுத்தி நிக்கறாங்க, லாரி டிரைவருங்க நிக்கறாங்க. அத்தனை பேரு முன்னால, வாயத் தொறக்காம, கைய மட்டும் அந்தச் சுவத்தப் பாத்து நீட்டுனான்.

எனக்கு எப்புடி இருக்கும் சொல்லுங்க. எங்கய்யன் கட்டுன மில்லு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க, இவன் எனக்கு சுவத்தக் காட்டறான். இருந்தாலும் நான் கத்தல. தன்மையாத்தான் பேசுனேன். இதுதான் யாருக்கும் தெரியறதில்ல, நான் தன்மையாத்தான் பேசுனேன்.

"உனக்குக் காகிதந்தான வேணும்? இந்த ஒரு தடவை எறங்கி அடைப்ப எடுத்துவுடு. நாளைக்குக் காலையில எழுதித் தர்றேன். இனித் தொட்டிக்குக் கூப்புட மாட்டேன்னு அதையும் சேத்து எழுதறேன்"னேன்.

சீலு வெச்சுத் தருவீங்களான்னு கேட்டான். சீலு வெச்சே தர்றேன்னேன். அம்புட்டுத்தான். சட்டையக் கழட்டி மடிச்சு மெஷினு மேல வெச்சான். அந்தப் பிளாஸ்டிக்குக் கடுதாசி பையிலயே இருந்துது. போறப்ப அவன் மூஞ்சியில ஒரு சந்தோசங்க. பரிச்சையில பாசான புள்ளையாட்டம் போனான்.

நாலு படி எறங்குனதப் பாத்தேன். பொறவு ஒரு சத்தங்கூட இல்ல. இல்ல, கூப்புட்டான்னு ஒருத்தன் சொல்றான், மொதலாளின்னு ரெண்டு தடவை கூப்புட்டான்னு. அரவைச் சத்தத்துல எனக்கு எதுவும் கேக்கல.

ஆமா, அரவைய நிறுத்தித்தான் இருந்துது. இருந்தாலும் எனக்குக் கேக்கல.

கயிறு கட்டலியான்னா? கயிறு இருந்துதுங்க. கெழங்கு மூட்டை கட்டற கயிறு, வண்டி வண்டியா இருந்துது. அவன் கேக்கல, நான் குடுக்கல. அவன் எறங்குனது நல்லா வெளிச்சமா இருக்கற நேரம். தீயணைப்புக்காரங்க வந்து மேல தூக்கும்போது உச்சி வெய்யிலு. மூணு நாளு எனக்குச் சோறு எறங்கலீங்க. எங்கூட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க. கல்லு மனசுன்னா எறங்கியிருக்குமே.

போலீசு வந்துது. இவன் யாருன்னு கேட்டாங்க. ஆடிட்டரும் வக்கீலும் போன்ல சொன்னதத்தான் சொன்னேன். இவன் நம்ம ஆளு இல்ல, மாட்டுக்குத் திப்பி அள்ள வந்தவன், மூடி தொறந்திருக்கறது தெரியாம கால் தவறி விழுந்துட்டான்னு. எட்டுப் பேரும் அதையேதான் சொன்னாங்க. சொல்லச் சொன்னது நான்தான். மில்லு மூடுனா எட்டுக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துருமே, அவங்களுக்காகத்தான சொன்னேன்? ஒரு ரெஜிஸ்டரு கெடையாது, ஒரு சீட்டு கெடையாது. அவன் இங்க வேலை செஞ்சான்னு சொல்றதுக்கு இந்த ஒலகத்துல ஒரு துண்டுக் காகிதம் கெடையாது. சுவரு மட்டுந்தான். பொங்கல் வந்துது, ஊரே வெள்ளையடிக்குது, நானும் அடிச்சேன். அதுல என்ன தப்பு?

பதினேழாம் நாளு வளர்மதி வந்தா. நான் எழுந்து நின்னேங்க, மரியாதை இல்லாதவன் இல்ல. வருசத்துக்கு அரிசி போடறேன், புள்ளைங்க படிப்பப் பாத்துக்கறேன்னு சொன்னேன். அரிசி வேண்டாம்னுட்டா. அவரு இங்க வேலை செஞ்சாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கங்கறா. புருசன் பாடுன பாட்டையே பொண்டாட்டியும் பாடறா. போனவன் போயிட்டான், இனி எழுதி என்னம்மா ஆவப்போவுதுன்னு கேட்டேன். திப்பி திருட வந்து விழுந்தவன் புள்ளைங்கன்னு எம் புள்ளைங்கள ஸ்கூல்ல சொல்றாங்க மொதலாளி, அதுக்குத்தான் வேணும்னு சொன்னா.

அந்த எடத்துல எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. எழுதியிருப்பேன்னு கூட நெனைக்கறேன். ஆனா எழுதுனா அப்ப போலீசுல சொன்னது என்னாவும்? ஒண்ண எழுதுனா ஒம்பதுக்கும் பதிலு சொல்லோணுமே. உள்ள போயி உக்காந்துட்டேன். அவ வாசல்லயே வெய்யிலு சாயற வரைக்கும் நின்னுட்டுப் போனா.

பொறவு வளர்மதி கேசு போட்டா. முகாமுக்கு வந்த அதே வக்கீலம்மா. நான் அபிடவிட்டு எழுதிக் குடுத்தேன், மேற்படி வையாபுரி என்பவர் எக்காலத்திலும் என்னிடம் வேலை பார்த்தவர் அல்லர்னு. வக்கீலு எழுதுனாரு, நான் கையெழுத்துதான் போட்டேன். கோர்ட்டுல அந்தம்மா பேசுனதக் கேக்கோணுமே. எண்ணூறு பேரு வேலை செய்யற எடமா இருந்தாலும் எட்டுப் பேரு வேலை செய்யற எடமா இருந்தாலும் அரசியல் சட்டம் உசுருக்குத்தான் காவலு, தலைக்கணக்குக்கு இல்லங்கறாங்க. எந்த வேலைக்கு வந்தோம், எங்க எறங்கக்கூடாதுன்னு எழுத்துல கேக்கறது பிச்சை இல்ல, உரிமைங்கறாங்க. அந்த ஒரு வரி அவரு கையில இருந்திருந்தா எறங்க மாட்டேன்னு நின்னிருப்பாருங்கறாங்க. ஜட்ஜு எழுதிக்கிட்டே இருந்தாரு. அவன் எறங்குனதே அந்த வரிக்காகத்தான்னு அங்க யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் மொதத் தடவையாச் சொல்றேன். ஏன் சொன்னேன்னு தெரியல. வெளியூரு ஆளு, அதனாலதான் இருக்கும்.

டீ குடிங்க, ஆடை கட்டுது பாருங்க.

கோர்ட்டு கூடப் பரவால்லீங்க. ஆடி மாசம் முனியப்பனுக்குப் பொங்கலு வெச்சோம். எட்டுப் பேரும் குடும்பத்தோட வந்திருக்காங்க. நான் கெடா வெட்டியிருக்கேன். அப்ப வளர்மதி வர்றா, ரெண்டு புள்ளைங்களையும் கையில புடிச்சுட்டு. யாரும் தடுக்கல. நேரா முனியப்பன் முன்னால போயி வெத்தலைய வெச்சா, சூடத்த வெச்சா, ஏத்துனா. திரும்பி என்னைப் பாத்துப் பேசுனா. சத்தம் போடலீங்க. சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன்.

"காகிதத்துல எவன் வேணாலும் என்ன வேணாலும் எழுதலாம்னு அவருகிட்டச் சொன்னீங்களாம் மொதலாளி. நீங்க கோர்ட்டுல எழுதிக் குடுத்தத நான் படிச்சுட்டேன். அதையே இங்க வாயால சொல்லி சூடத்த அணைங்க. நாளைக்கே கேச வாபஸ் வாங்கிக்கறேன்"னா.

அன்னைக்கு என் உள்ளங்கையில கொப்புளங்க. வறுவல் சட்டி பட்டுக் கொப்புளம். நெசமாத்தான். கொப்புளத்தோட எப்புடி சூடத்த அடிக்கறது? சூடம் எரிஞ்சு தீந்துபோச்சு. அவ இன்னொண்ணு ஏத்துனா. அதுவும் தீந்துது. மூணாவது ஏத்துனா. பொங்கப் பானை பொங்கி வழியுது, யாரும் போயி வெறக இழுக்கல. எல்லாரும் என் கையத்தான் பாத்துட்டு இருக்காங்க. சின்னப்புள்ள ஒண்ணு, அவ எளையவ, அதுவும் என் கையவே பாக்குது. வையாபுரி மூஞ்சி அப்புடியே.

மூணாவதும் அணைஞ்சுது. சரிங்க மொதலாளி, எனக்குத் தெரியும், இப்ப இவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டுப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிட்டா. மறுநாளு அஞ்சு பேரு வேலைக்கு வரல. அடுத்த வாரம் மூணு பேரு. அவங்களக் காப்பாத்தத்தான் பொய் சொன்னேன், அவங்களே போயிட்டாங்க. நன்றி கெட்ட ஒலகமுங்க. கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறாங்கன்னு கேள்வி. இப்ப இங்க நானு, டீ கொண்டாந்த வாச்சுமேன், அப்பறம் நீங்க.

அதுக்குத்தான் உங்களக் கூப்புட்டு வுட்டேன். வர்ற திங்கக்கெழமை கோர்ட்டுலேர்ந்து ஆளு வர்றாங்களாம், மில்லப் பாக்கறதுக்கு. தொட்டியப் பாப்பாங்க, கொட்டாயப் பாப்பாங்க. தொட்டி அவங்க போன அன்னையிலிருந்து அப்புடியே கெடக்குது. தொறக்க ஆளு இல்ல. வாடை வருதுங்களா? காலையில கொஞ்சம் கொறையும், வெய்யிலு ஏற ஏறத்தான். கழிவு லாரிக்காரனும் இந்த மில்லுன்னாலே போன எடுக்க மாட்டேங்கறான்.

ஏன் எந்திரிக்கறீங்க? நாற்காலி, நாற்காலி, பாத்து! விழுந்துருச்சா. போவுது வுடுங்க.

அத ஒண்ணும் படிக்க வேண்டாங்க. பழைய கறை. மூணு கோட்டு சுண்ணாம்பு அடிச்சாச்சு, நாலாவதும் அடிச்சுப் பாத்தாச்சு. காயற வரைக்கும் வெள்ளையா இருக்குது, காஞ்ச பொறவு எண்ணெய் மேல ஏறிக்குது. மத்ததெல்லாம் மங்கிப்போச்சு, அந்தக் கடைசி மூணு வார்த்தைதான் இப்புடி எடுப்பா நிக்குது. நீங்க படிச்சவருங்களா? சத்தமாப் படிக்காதீங்க.

சரி, ஒண்ணு செய்யலாம். உங்களுக்குக் காகிதந்தான வேணும்? தர்றேன். எங்க வக்கீலு இப்ப புதுசா அச்சடிச்சே குடுத்துட்டாரு, இந்தா பாருங்க, கட்டு கட்டா இருக்குது. பேருக்கு எடம், வேலைக்கு எடம், நேரத்துக்கு எடம், கீழ சீலு. அரவை மெஷின்னு எழுதறேன். தொட்டிக்குக் கூப்புட மாட்டேன்னும் எழுதறேன். நாளைக்குக் காலையில மொத வேலையா எழுதித் தர்றேன். இன்னைக்கு அந்தத் தொட்டிய மட்டும் ஒரு எட்டு எறங்கிப் பாத்துட்டீங்கன்னா போதும். ஒரே ஒரு தடவை. கயிறு கூட எடுத்து வெச்சிருக்கேன்.

என்னங்க சொன்னீங்க?

காகிதம் வேண்டாமா, வாயால சொன்னாப் போதுமா? ஏனுங்க, நீங்கதான கேட்டீங்க? இப்பவே வேணும்னாலும் இப்பவே எழுதறேன், பேனா குடுங்க. என்ன எழுதோணும்னு சொல்லுங்க, அப்புடியே எழுதறேன். கோர்ட்டுக்கே எழுதிக் குடுத்தவன், உங்களுக்கு எழுத மாட்டனா?

அங்க எங்க போறீங்க? வாசல் இந்தப் பக்கம். அது வேப்பமரங்க, அங்க ஒண்ணுமில்ல. முனியப்பன் மட்டுந்தான். கையில என்ன அது, பையில இருந்து என்ன எடுக்கறீங்க?

தம்பி, அது வேண்டாங்க. சொன்னாக் கேளுங்க. காகிதத்துல என்ன வேணாலும் எழுதித் தர்றேன். சூடத்த மட்டும் ஏத்தாதீங்க.